சந்தையில் வாங்கிய குதிரை பிடிகொடுக்க மறுத்தால்

கேள்வி இதுதான்: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய நாலு வயது கத்தியவார் இனப் பெண்குதிரை. கொட்டகையில் கட்டியிருக்கும்போது சாதுவாக நிற்கிறது. மூன்று ஏக்கர் கொரங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேய விட்டால் கிட்ட அண்ட விடுவதில்லை. வாளியில் கொள்ளு காட்டினால் வருகிறது, கயிற்றைக் கண்டதும் திரும்பி ஓடிவிடுகிறது. கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து வேலி மூலைக்கு மடக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிடிக்கும்போது ஒருவருக்கு உதையும் விழுந்திருக்கிறது. என்ன வழி?

முதலில் அந்த மடக்கிப் பிடிக்கிற வேலையை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அந்தக் குதிரைக்கு இரண்டு பாடம் நடக்கிறது. ஆட்கள் சேர்ந்து வந்தால் ஆபத்து என்பது ஒன்று. தூரத்திலேயே ஓடத் தொடங்கினால் அரை மணி நேரமாவது தப்பலாம் என்பது மற்றொன்று. மூலையில் சிக்கிய குதிரைக்கு ஓட இடம் இருக்காது, பின்னங்காலைத்தான் தூக்கும். அதைக் கெட்ட குணம் என்று சொல்வதற்கில்லை.

கொட்டகையில் சாது, வெளியில் ஓட்டம் என்பது நல்ல குறிப்பு. மனிதர்களைக் கண்டாலே வெருளுகிற குதிரை கட்டுத்தறியிலும் நடுங்கும், வெள்ளைக்கண் காட்டும், சாணம் இளகும். உங்கள் குதிரை அப்படி இல்லை. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் குதிரைகளில் பெரும்பாலானவை முன்காலுக்கும் பின்காலுக்கும் கயிறு கட்டித்தான் வளர்ந்திருக்கும். பராமரிப்பு, தீனி, தேய்ப்பு எல்லாம் கட்டிய நிலையிலேயே நடந்திருக்கும். திறந்த வெளியில் தன்னிஷ்டமாக நின்று, ஒருவர் நடந்து வந்து தலையில் பட்டை மாட்டுவதை ஏற்றுக்கொள்ள அதற்கு யாரும் கற்றுத்தந்ததே இல்லை. அவிழ்த்துவிட்டால் ஓடலாம், பிடிபட்டால் வேலையோ வலியோ என்ற கணக்கு மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். பிடிபடுவது ஒரு பதற்றத்தின் தொடக்கமாக இருக்கும்வரை எந்தத் தந்திரமும் நிலைக்காது.

ஆனால் அதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வலிக்கிற குதிரையிடம் பழக்கம் பலிக்காது. கட்டியிருக்கும்போது, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வாயின் இரு ஓரங்களிலும் தழும்போ புண்ணோ இருக்கிறதா? முள் கடிவாளம் போட்ட குதிரைகளுக்கு உதட்டோரம் தடித்திருக்கும், வாய்க்குள் பல் இல்லாத இடைவெளி ஈறில் புண் இருக்கும். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன; ஆனாலும் சந்தைகளில், குறிப்பாக ஆட்டம் பழக்கிய குதிரைகளில், அதைப் பார்க்க முடிகிறது. உங்கள் குதிரையோடு அப்படி ஒரு கடிவாளம் வந்திருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். பிறகு முதுகைப் பாருங்கள். பிடரி முடிகிற மேட்டிலும் அதற்குப் பின்னாலும் திட்டுத் திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய சேணப்புண் ஆறிய இடம். முதுகுத் தண்டின் இரு பக்கமும் விரல் நுனிகளால் மிதமாக அழுத்திக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். ஓரிடத்தில் முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ, வாலை வெடுக்கென்று வீசினாலோ அங்கே வலி.

நாலு வயது என்பதால் பல்லையும் நினைவில் வையுங்கள். பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வரும் காலம் இது. கடைவாயில் பால்பல்லின் ஓடு பாதி கழன்று நின்றால் தலையில் எதைக் கட்டினாலும் வலிக்கும். காதுகளையும் தொட்டுப் பாருங்கள். கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகளுக்கு நுனி ஒன்றையொன்று தொடும் வளைந்த காதுகள். அடக்குவதற்காக அந்தக் காதைப் பிடித்து முறுக்குவது பல இடங்களில் வழக்கம். அப்படி முறுக்குப்பட்ட குதிரை, தலைக்கு மேல் கை போனதும் கழுத்தை ஒட்டகச்சிவிங்கி மாதிரி தூக்கிவிடும். பிடிக்க மறுப்பதற்கு இது ஒன்றே போதும்.

இவற்றில் ஏதாவது தென்பட்டால் கால்நடை மருத்துவரை அழைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். கையோடு டெட்டனஸ் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். வேலியில் கீறல் படுவது இந்தக் கட்டத்தில் சாதாரணம், குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் பிடிக்கும், பிடித்தால் பெரும்பாலும் பிழைக்காது. கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்று வாங்கும்போது தரவில்லை என்றால் இப்போதாவது எடுக்கச் சொல்லுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். மூக்கருகே முகம் வைத்துப் பழகப்போகிற உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு குதிரை இருந்தால் மூன்று வாரமாவது தண்ணீர்த் தொட்டியும் வாளியும் தனித்தனியாக இருக்கட்டும். குதிரைகள் ஒன்றுக்கொன்று கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது இடம். மூன்று ஏக்கரில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கவே முடியாது. 40 அடிக்கு 40 அடி, அதாவது ஏறத்தாழ நாலு சென்ட் அளவுக்கு ஓர் அடைப்புப் போடுங்கள். இதைவிடச் சிறிதாக இருந்தால் குதிரைக்கு விலக இடமிருக்காது, மடக்கியதற்குச் சமமாகிவிடும். மிகப் பெரிதாக இருந்தால் நீங்கள் நடந்தே களைத்துவிடுவீர்கள். உயரம் 5 அடிக்குக் குறையக் கூடாது. சவுக்குக் கம்பை மூன்று வரிசையாகக் குறுக்கே கட்டினால் போதும். கீழ்வரிசை தரையிலிருந்து ஒன்றரை அடி. அதற்குமேல் பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கட்டினால் வேலி கண்ணுக்கு நன்றாகத் தெரியும், முட்டிப் பார்க்காது. முள்கம்பி வேண்டவே வேண்டாம். கிளுவை வேலி ஒரு பக்கம் இருந்தால் நல்லதுதான். இடைவெளியில் கம்பி ஓடியிருந்தால் கழற்றிவிடுங்கள். நாலு மூலையிலும் குறுக்காக ஒரு கம்பு கட்டி மூலையை மழுங்கச் செய்யுங்கள். மூலை இல்லாத அடைப்பில் குதிரை சிக்கியதாக உணராது, உங்களுக்கும் உதை விழும் வாய்ப்பு குறையும்.

உள்ளே நிழல், எப்போதும் நிறைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு கட்டி உப்பு. பகலும் இரவும் வாய் வைக்கச் சோளத்தட்டோ காய்ந்த புல்லோ இருக்க வேண்டும். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ உலர்தீவனம். “ஒருநாள் பட்டினி போட்டால் தானாக வரும்” என்று சந்தையில் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் தீனி தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். வயிறு காலியாக இருந்தால் புண் விழும், வயிற்றுவலி வரும். தண்ணீரை நிறுத்துவது அதைவிட மோசம். பசியில் வந்த குதிரை தீனிக்குத்தான் வந்தது. வயிறு நிறைந்ததும் பழைய இடத்துக்கே போய்விடும்.

தனிமையும் கவனிக்க வேண்டியது. சந்தையில் நூறு குதிரைகளுக்கு நடுவில் நின்றது திடீரென ஒற்றையாக நிற்கும்போது எதற்கெடுத்தாலும் மிரளும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் வேலிக்கு அப்பால் ஒரு மாடோ இரண்டு ஆடோ கட்டிவையுங்கள்.

இனி பழக்கம். ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. முதல் இரண்டு வாரம் ஒரே ஆள் செய்வது நல்லது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்போடு உள்ளே போனால் குளம்பு மிதித்து விரல் நசுங்கும், பதறி விலகும்போது காலும் தடுக்கும். நாயைக் கட்டிவிடுங்கள், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

முதல் ஓரிரு நாள் குதிரையை நோக்கிப் போகவே வேண்டாம். படலைத் திறந்து உள்ளே வந்து, படலுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள் அல்லது ஒரு முக்காலியில் உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, பக்கவாட்டாகத் திரும்பி இருங்கள். கயிறும் ஹால்டரும் (தலையில் மாட்டும் பட்டை) தோளிலேயே தொங்கட்டும். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை இப்போதே விட்டுவிட வேண்டும். மறைத்துப் பிறகு திடீரென எடுக்கும் கயிறு, குதிரை உங்கள் கையையே சந்தேகப்பட வைக்கும். கயிறு எப்போதும் கண்ணுக்குத் தெரிந்து, ஆனால் பெரும்பாலும் எதுவும் நடக்காமல் போனால், கயிறு சாதாரணப் பொருளாகிவிடும். தண்ணீர் நிரப்பும்போதும் சாணம் அள்ளும்போதும்கூட அது உங்கள் தோளில் இருக்கட்டும்.

எந்தப் பக்கமிருந்து போவது என்பதற்குக் குதிரையின் கண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வட்டத்தைத் தலையைத் திருப்பாமலே பார்க்கும். நேர் பின்னால் ஒரு பட்டையும், நெற்றிக்கும் மூக்குக்கும் நேர்முன்னால் ஒரு சிறு இடமும் மட்டும் அதற்குத் தெரியாது. நேர்முன்னால் போய் மூக்கைத் தொட நீளும் கை அந்தக் குருட்டு இடத்தில்தான் மறைகிறது. பின்னால் போவதைச் சொல்லவே வேண்டாம். போக வேண்டிய வழி தோளை நோக்கி, சாய்வாக, நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து. கண்ணை முறைத்துப் பார்க்காமல் அதன் முன்னங்காலையோ பக்கத்துத் தரையையோ பார்த்தபடி, சாதாரண நடையில். பூனை மாதிரி பதுங்கி நடக்கும் மனிதனை எந்தக் குதிரையும் நம்பாது.

எவ்வளவு தூரம் போவது? குதிரையின் தாடையைப் பாருங்கள். அது புல்லை மென்றுகொண்டிருக்கும். நீங்கள் நெருங்க நெருங்க ஒரு கட்டத்தில் மெல்லுவது நிற்கும். வாயில் ஒரு தட்டு பாதி தொங்கியபடி, ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியபடி அப்படியே நிற்கும். ஓடுவதற்கு முந்தைய கட்டம் அதுதான். அடுத்து தலை உயரும், பிறகு எடை ஒரு முன்னங்காலுக்கு மாறும், பிறகு கிளம்பிவிடும். மெல்லுவது நின்ற அந்த நொடியில் நீங்களும் நின்றுவிட வேண்டும். நின்று மூச்சை விடுங்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து மறுபடி மெல்லத் தொடங்கும். தொடங்கியதும் நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பி மூன்று நாலு அடி விலகி வந்துவிடுங்கள்.

இந்த விலகல்தான் மொத்தப் பழக்கத்தின் சாரம். நெருக்கம் குதிரைக்கு ஒரு அழுத்தம். அழுத்தம் எந்த நொடியில் தளர்கிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததை அது பிடித்துக்கொள்ளும். அமைதியாக நின்றபோது நீங்கள் விலகினால் அது நிற்பதைக் கற்கும். ஓடியபோது நீங்கள் சலித்துப்போய் நின்றுவிட்டால் ஓடுவதைக் கற்கும். மூன்று ஏக்கரில் இதுவரை நடந்தது இரண்டாவதுதான்: ஓடும், நீங்கள் நிற்பீர்கள், மூச்சு வாங்குவீர்கள், அதற்கு வேண்டியது கிடைத்துவிடும்.

எனவே கவனம் பிசகி அது கிளம்பிவிட்டால் நீங்கள் நிற்கவும் கூடாது, வேகமெடுக்கவும் கூடாது. அதே நடையில், அதே இடைவெளியில், அடைப்பின் நடுவை ஒட்டி நடந்துகொண்டே இருங்கள். விரட்டுவதற்காக நடக்கவில்லை, நடை நிற்கவில்லை என்பதை மட்டும் அது பார்க்கட்டும். இரண்டு சுற்றோ நாலு சுற்றோ கழித்து வேகம் குறையும், உள்பக்கக் காது உங்கள் மேல் நிற்கும், தலை கொஞ்சம் தாழும். கால் நின்ற மறுகணம் நீங்களும் நின்று, திரும்பி, விலகுங்கள். தயங்கித் தயங்கி விலகினால் பாடம் மங்கிவிடும். இதில் பலர் செய்யும் பிழை, நின்ற குதிரையைப் பார்த்ததும் “ஆகா நின்றுவிட்டது” என்று நேரே பிடிக்கப் போவது. நின்றதற்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

குதிரை நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கி வெறும் வாயை மெல்வதைப் பணிந்துவிட்டதன் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். பதற்றம் இருந்தது, இப்போது தணிகிறது என்பதற்கு மேல் அதில் பொருள் தேடக் கூடாது. அதை வரவழைக்கவே சுற்றிச் சுற்றி ஓட விடுவதும் தவறு. நம் வெயிலில் பத்து நிமிட ஓட்டமே குதிரையைத் துவளச் செய்துவிடும்; களைத்து நிற்கும் குதிரை நம்பி நிற்கவில்லை. இந்த வேலை முழுக்கக் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போதான்.

இப்படி நெருங்கி விலகிக்கொண்டே இருந்தால் ஒருநாள், நீங்கள் திரும்பி விலகும்போது பின்னாலேயே ஓரடி எடுத்து வைக்கும். திரும்பிப் பார்க்காதீர்கள். அன்றைய வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சில குதிரைகள் ஓடாது, புட்டத்தைத் திருப்பி நிற்கும். அதை நோக்கிப் போகவும் கூடாது, பயந்து வெளியேறவும் கூடாது. பக்கவாட்டில் பெரிய வட்டமாக நடந்து உங்களுக்கு அதன் ஒரு கண் தெரியும் இடத்துக்கு வாருங்கள். கூடவே அதுவும் திரும்பிக்கொண்டே இருந்தால், 12 அடி தள்ளி நின்று கயிற்று நுனியைத் தரையில் ஒரு முறை தட்டுங்கள். குதிரை மேல் பட வேண்டியதில்லை. பின்பக்கம் நகர்ந்து இரண்டு கண்ணும் உங்களைப் பார்த்தால் அந்த நொடியே இரண்டடி பின்வாங்குங்கள். முகம் காட்டினால் நிம்மதி என்று புரிய ஓரிரு நாள் ஆகும். காதை மடித்து, கழுத்தை நீட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வருகிற குதிரை வேறு வகை. அதோடு தனியாக அடைப்புக்குள் நிற்காதீர்கள். அனுபவப்பட்ட பழக்குநர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டிய விஷயம் அது.

தொடும் கட்டம் வரும்போது கையின் பின்புறத்தைத் தாழ்வாக நீட்டி மோந்து பார்க்க விடுங்கள். மோந்ததும் கையை எடுத்துவிடுங்கள். முகத்தைத் தடவ ஆசையாக இருக்கும், இப்போது வேண்டாம். முதலில் தொட வேண்டிய இடம் பிடரி முடிகிற மேடும் அதை ஒட்டிய கழுத்தடியும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பே குறைகிறது. ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. விரல் நுனியால் அழுத்திச் சொறியுங்கள். பிடித்துப்போனால் மேலுதடு நீண்டு நடுங்கும், கண் பாதி மூடும். பளார் பளாரென்று கழுத்தில் தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாராட்டு. அதற்கு அது அடிதான். நாலு சொறி, பிறகு அது விலகுவதற்கு முன் நீங்கள் விலகுங்கள். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்க வேண்டும். பெரும்பாலான குதிரைகளை இடப்பக்கமே கையாண்டிருப்பார்கள். வலப்பக்கம் புது ஆள் வந்த மாதிரி நடந்துகொள்ளும்.

கயிறு பருத்தியில், 10 முதல் 12 அடி நீளம், உங்கள் கட்டைவிரல் தடிமனுக்கு. நைலான் கயிறு இழுபட்டால் உள்ளங்கையை உரித்துவிடும். எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துப் பிடியுங்கள். கயிற்றைச் சுருட்டி அந்தச் சுருளாலேயே தோளில், கழுத்தில், முதுகில் தேயுங்கள். பிறகு கழுத்தின் மேலே போட்டு அந்தப் பக்கம் சறுக்க விடுங்கள், எடுத்துவிடுங்கள். கயிறு கழுத்தைச் சுற்றியதும் இழுக்காதீர்கள். கயிறு விழுந்தது, சொறி கிடைத்தது, கயிறு போனது என்ற வரிசை பத்துப் பதினைந்து தடவை அமைதியாக நடக்க வேண்டும்.

ஹால்டர் மாட்டும்போது அவசரம் வரும், எல்லாம் கெடுவதும் அங்கேதான். இடத்தோளருகே, குதிரை பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். முதலில் கயிறு கழுத்தில். வலக்கை கழுத்தின் மேலாகப் போய் அந்தப் பக்கம் தொங்கட்டும். மூக்குப்பட்டையை இரு கையாலும் விரித்து மூக்குக்குக் கீழே, சற்று முன்னால் பிடியுங்கள். மூக்கை நீங்கள் திணிக்க வேண்டாம், அது உள்ளே விடட்டும். விட்டதும் வெளியே எடுத்துவிடுங்கள். முதல் சில தடவை கொக்கியே மாட்ட வேண்டியதில்லை. பிறகு தலைப்பட்டையைக் காதுக்குப் பின்னால் மெதுவாகக் கொண்டுவந்து கொக்கியைப் போடுங்கள். பட்டையை வீசி அந்தப் பக்கக் கண்ணில் அடித்தால் ஒரு வாரத்து வேலை போய்விடும். காது முறுக்குப்பட்ட குதிரைக்கு, காது வழியாக நுழைக்கும் வகையை விட்டு, பிடரிக்குப் பின்னால் கொக்கி திறக்கும் ஹால்டராக வாங்குங்கள். மாட்டியபின் மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

கழற்றுவதையும் அதே கவனத்தோடு செய்ய வேண்டும். கொக்கியை அவிழ்த்ததும் குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால், அடுத்த முறை பிடிபடவும் மறுக்கும். போகிறபோக்கில் உதையும் கொடுக்கும். அதன் முகத்தை உங்கள் பக்கம், வேலியை ஒட்டித் திருப்பி நிறுத்துங்கள். தலை தாழும்வரை காத்திருங்கள். கழற்றியபின் கயிறு கழுத்திலேயே சில நொடி இருக்கட்டும், ஒரு பிடி கொள்ளு தரையில் போடுங்கள், பிறகு அது விலகுவதற்கு முன் நீங்கள் நடந்து வெளியேறுங்கள். ஹால்டரை மாட்டியே வெளியில் விட்டுவிட்டால் பிடிக்கச் சுலபம் என்று தோன்றும். கிளுவைக் கொம்பிலோ, சொறிய உயர்த்திய பின்னங்குளம்பிலோ மாட்டிக்கொண்டால் நைலான் பட்டை அறாது, கழுத்துதான் முறியும். விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய தோல் பட்டையோடு, சிறிய அடைப்பில், ஆள் கண்பார்வையில் மட்டும். இரவில் கழற்றிவிடுங்கள்.

கொள்ளு விஷயத்துக்கு வருகிறேன். வாளியைக் கண்டு வந்து கயிற்றைக் கண்டு ஓடுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் வரிசை. வாளி முதலில், கயிறு பிறகு என்று நடந்ததால் வாளிக்குப் பின்னால் கயிறு வரும் என்று அது கற்றுவிட்டது. வாயில் அள்ளிக்கொண்டு கழுத்தை எக்கிக்கொண்டு நிற்கும், கை அசைந்ததும் போய்விடும். வரிசையை மாற்றுங்கள். வாளி வேலிக்கு வெளியே இருக்கட்டும். கயிறு கழுத்தில் விழுந்தபின் ஒரு பிடி, ஹால்டர் ஏறியபின் ஒரு பிடி. ஊறவைத்த கொள்ளு ஒரு தடவைக்கு மொத்தம் 200 கிராமுக்கு மேல் தேவையில்லை. அதையும் அன்றாடத் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் கொடுத்தால் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும்; குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கையில் வைத்து ஊட்டுவதைவிடச் சிறு தட்டில் வைப்பது நல்லது. ஊட்டிப் பழக்கினால் நாலு வயதுக் குதிரை சட்டைப்பையைக் கடிக்கத் தொடங்கும். ஆண்குதிரையாக இருந்தால் கையில் ஊட்டவே கூடாது.

ஹால்டர் அமைதியாக ஏறத் தொடங்கியபின் அடுத்த ஒரு மாதத்துக்கு நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: பத்துத் தடவை பிடித்தால் எட்டு ஒன்பது தடவை எந்த வேலையும் இல்லாமல் விட்டுவிடுங்கள். மாட்டு, சொறி, ஒரு பிடி, கழற்று. சில தடவை மாட்டி நிழலுக்கு நடத்திப்போய் நல்ல புல் பத்து நிமிடம் மேய விட்டுத் திரும்பக் கொண்டுவந்து அவிழ்த்துவிடுங்கள். சவாரிக்கு மட்டும் பிடித்தால் அது சவாரி நேரத்தைக் கடிகாரம் போல அறிந்து வேலி ஓரம் போய் நிற்கும். பிடிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இடத்தை மெல்ல விரிக்க வேண்டும். நாலு சென்ட்டில் தொடர்ந்து ஒரு வாரம் தயக்கமில்லாமல் பிடிபட்டால் 25 சென்ட் அளவுக்கு வேலியைத் தள்ளுங்கள். அங்கும் சரியாக வந்தபின்தான் முழுக் கொரங்காடு. இடம் மாறிய முதல் நாள் பழைய குணம் தலைகாட்டும், அது இயல்பு. மெல்லுவது நிற்கும் இடத்தில் நிற்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், இந்த முறை சீக்கிரம் முடியும். கொரங்காட்டில் முதல் தடவை மாலையில் விடுங்கள். இரவெல்லாம் மேயக் காத்திருந்த குதிரையைக் காலையில் விட்டு ஒரு மணி நேரத்தில் பிடிக்கப் போவது வம்பு. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியும் கொட்டகைத் தீனியும் இருக்கும் திசையிலேயே படலைத் திறந்து வையுங்கள். வேறு குதிரைகள் கூட இருந்தால் முதலில் அவற்றை வெளியே கொண்டுவாருங்கள். இதைக் கடைசியில் விட்டால் தானாகவே படலுக்கு வரும். பெண்குதிரை என்பதால் இன்னொன்று: சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவத்தில் ஐந்து முதல் ஏழு நாள் மனம் வேறெங்கோ இருக்கும். அந்த நாட்களில் புதுப் பாடம் எதுவும் வைக்காதீர்கள்.

பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் இனக் குதிரைகளுக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசத்தோடு. அவை லாயத்துக்குள் பிடிபடுவதில் நன்றாகப் பழகியவை, வெட்டவெளியில் நின்றதே அரிது. முதல் வாரங்களில் கொள்ளையும் தானியத்தையும் பாதியாகக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்டினாலே பாதி ஓட்டம் அடங்கிவிடும். குறைப்பதைத் திடீரென்று செய்யாமல் 7 முதல் 10 நாளில் செய்யுங்கள்.

ஊசி, லாடம் அடிப்பு போன்ற வலியான நாட்கள் எப்படியும் வரும், வந்தால் கொஞ்சம் பின்னடைவும் வரும். லாடக்காரர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிடித்துக் கட்டிவிடுங்கள். அவர் வண்டிச் சத்தம் கேட்டபின் பிடிக்கப் போனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஊசியை நீங்கள் போட வேண்டாம், மருத்துவரோ வேறொருவரோ போடட்டும்; நீங்கள் தலையருகே நின்று கழுத்தடியைச் சொறிந்துகொண்டிருங்கள். முடிந்ததும் உடனே அவிழ்க்காமல் கால்மணி நேரம் நிழலில் நிறுத்தி, தீனி காட்டி, அமைதியானபின் கழற்றுங்கள். மறுநாள் வேலை எதுவும் வைக்காமல் மூன்று நாலு தடவை பிடித்துப் பிடித்து விடுங்கள். அவசரமாகப் பிடித்தே ஆக வேண்டிய நிலை பழக்கம் முடிவதற்குள் வந்துவிட்டால், ஆட்களைக் கூட்டி விரட்டாமல், கொரங்காட்டிலிருந்து சிறிய அடைப்புக்குப் போகும் வழியின் இரு பக்கமும் நிழல்வலையைப் பிடித்துக்கொண்டு நடக்க விட்டு உள்ளே அனுப்புங்கள். படலைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடட்டும். நீங்கள் மட்டும், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, படலருகே நில்லுங்கள்.